ஒரு தீர்மானமும் ஒரு செத்தவீடும்

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதைக்கு. அவள் உண்மையாகவே எழுதிவிடுவாள் என்று ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை. நான் எழுதிவிட்டேன். இனி வாசிப்பது உங்கள் தலைவிதி.

எந்தக் கொடி எந்தப் பக்கம் நிற்கவேண்டும், எந்த நாட்டுத் துணைத்தூதுவரை யாருக்குப் பக்கத்தில் இருத்தக்கூடாது, யாருக்கு மாட்டிறைச்சி ஆகாது, யாருக்கு வைன் ஆகாது என்பதெல்லாம் உங்களுக்குத் தந்த கையேட்டில் இருக்கிறது. அதை மனப்பாடம் பண்ணுங்கள். ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் வெளிநாட்டுத் துணைத்தூதரகங்களோடு மாகாண அரசின் சார்பில் உறவு பார்ப்பது என்ற நம்முடைய வேலை, கையேடு முடிகிற இடத்தில்தான் தொடங்குகிறது. நான் சொல்லப்போவது அப்படி ஒரு சம்பவம். இதில் நான் கெட்டிக்காரியாகத் தெரிவேன். அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. வேலைக் காலம் முழுவதும் மற்றவர்களுக்கு முன்வரிசைக் கதிரை போட்டுக் கொடுத்தவள், ஒரு நாளாவது தானும் அதில் இருந்து பார்க்கலாம்.

ஒரு நாட்டின் சனாதிபதி. நாட்டின் பெயரை எழுதமாட்டேன். நம்மவர்கள் உடனே ஒரு நாட்டை நினைப்பார்கள், அது இல்லை. இது வேறு கண்டம், வேறு மொழி. ஆனால் கதை தெரிந்த கதைதான். தேர்தலில் தோற்றவர் கதிரையை விட்டு இறங்க மறுத்தார். வீதிக்கு வந்த சனத்தை இராணுவம் சுட்டது. அந்த நாட்டிலிருந்து வந்து ஸ்காபரோவில் குடியிருந்தவர்கள் பதாகைகளோடு சட்டசபைப் புல்தரையில் வந்து நின்றார்கள். பனியில் நின்றார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நின்றவள்தான். மதியச் சாப்பாட்டுக்கு அவர்களைக் கடந்து போகும்போது என்னுடைய அரசாங்க அடையாள அட்டையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போவேன். ஏனென்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது.

அவர்களுடைய கோரிக்கையை எடுத்துக்கொண்டு சட்டசபைக்குள் போனவர் கஜன். ஸ்காபரோத் தொகுதி ஒன்றின் எம்.பி.பி, அதாவது மாகாண சட்டசபை உறுப்பினர், நம்முடைய பிள்ளை, இங்கேயே பிறந்தவர். பதவியில் இருக்கும் அந்தச் சனாதிபதியின் சொத்துகளை முடக்கவேண்டும், அவரை இந்த நாட்டுக்குள் காலடி வைக்க விடக்கூடாது என்று ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசைக் கேட்கும் தீர்மானம் அது. மாகாண சட்டசபைக்கு ஒரு சனாதிபதியைத் தண்டிக்கிற அதிகாரம் கிடையாது. ஆனால் கேட்கிற அதிகாரம் உண்டு. பெரிய மாகாணம் ஒன்று சேர்ந்து கேட்டால் ஒட்டாவா காது கேளாததுபோல் இருக்கமுடியாது. அது அந்தச் சனாதிபதிக்கும் தெரிந்திருந்தது.

சிக்கல் பவித்ரா.

ஸ்காபரோ மல்வேர்னில் வளர்ந்த பெண். நீர்ப் பொறியியல் படித்துவிட்டு, ஒரு தொண்டு நிறுவனத்தின் வேலையாக அந்த நாட்டுக்குப் போயிருந்தாள். துப்பாக்கிச் சூடு நடந்த அன்று காயப்பட்டவர்களைத் தங்கள் வேலைத்தளத்துக்குள் எடுத்து, வாசல் கதவைப் பூட்டிவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். பிறகு ஊருக்குத் திரும்ப விமான நிலையம் போனபோது கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டார்கள். சிறையில் போடவில்லை. ஒரு வாடகை அறையில் இருக்கவிட்டு, வாசலில் ஒருவனை நிறுத்தினார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. தீர்மானம் நிறைவேறினால் அந்த அறையிலிருந்து அவளை எங்கே கொண்டுபோவார்கள் என்பதுதான் எல்லாருடைய பயமும்.

இதை வைத்துக்கொண்டு சட்டசபை இரண்டாக உடைந்தது. உடனே நிறைவேற்று என்றார்கள் ஒரு சாரார். அந்தப் பிள்ளை வீடு வரும்வரை தள்ளிப்போடு என்றார்கள் மற்றவர்கள். தள்ளிப்போடச் சொன்னவர்களில் உண்மையான இரக்கம் உள்ளவர்களும் இருந்தார்கள், அந்த நாட்டோடு வியாபாரம் உள்ளவர்களுக்கு நண்பர்களாக இருந்தவர்களும் இருந்தார்கள். இரக்கமும் வியாபாரமும் ஒரே வாங்கில் தோளோடு தோள் இருந்தால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

ஒரு சனிக்கிழமை பவித்ராவின் தகப்பன் என்னைக் கூப்பிட்டார். யோகநாதன், நாங்கள் யோகண்ணை என்போம். பஸ் ஓட்டி இளைப்பாறியவர். என் தமையனோடு ஒன்றாகப் படித்தவர் என்பதால் என் இலக்கம் அவரிடம் இருந்தது. மல்வேர்னில் அவருடைய ரவுண்ஹவுஸ் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, எதிரில் இருப்பதும் எழும்புவதுமாகப் பேசினார்.

“தங்கச்சி, நேற்று ஒரு எம்.பி.பி வந்தவர். தள்ளிப்போடச் சொல்லுற ஆக்களிலை ஒருத்தர். நான் ரீவியிலை வந்து, என்ர பிள்ளை வாறமட்டும் உந்தத் தீர்மானத்தை எடுக்கவேண்டாம் எண்டு சொல்லட்டாம். சொன்னா நிப்பாட்டலாமாம்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். பிள்ளையோட போனிலை கதைச்சனான். ‘அப்பா, எனக்காக நிப்பாட்ட வேண்டாம்’ எண்டுறாள். அவளுக்கென்ன, அவள் சொல்லுவாள். நான் தேப்பன்.” எழும்பி யன்னலடிக்குப் போனார். “நாங்கள் ஓடிவந்ததும் உப்பிடி ஒருத்தனிட்டை இருந்துதானே. அவனைத் தண்டிக்கவேண்டாம் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? தண்டியுங்கோ எண்டுதான் எப்பிடிச் சொல்லுறது?”

இரண்டில் எதைச் செய்தாலும் அவருக்குத் தூக்கம் வராது என்று தெரிந்தது. நான் சொன்னேன்: “அண்ணை, ரீவியிலை ஒண்டும் சொல்லாதையுங்கோ. நீங்கள் வாய் திறந்து கெஞ்சினால், பிள்ளை எவ்வளவு பெறுமதி எண்டு அந்த நாட்டு ஆக்களுக்கு நாங்களே சொல்லிக் குடுத்தமாதிரி. பிறகு விடவே மாட்டினம்.”

“அப்ப சும்மா இருக்கட்டே?”

“நீங்கள் சும்மா இருங்கோ. நான் பாக்கிறன்.”

‘நான் பார்க்கிறேன்’ என்று எங்கள் வேலையில் ஒருபோதும் சொல்லக்கூடாது, பிள்ளைகளே. பார்க்க என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. பவித்ரா விடயம் மத்திய அரசின் கையில் இருந்தது. ஒட்டாவாவில் அதைக் கையாண்ட அலுவலர் நல்ல மனிதர், ஆனால் அவர் தட்டிய கதவெல்லாம் பூட்டிக் கிடந்தது. ரொறன்ரோவில் இருந்த அந்த நாட்டுத் துணைத்தூதுவர்தான் ஒரே யன்னல். அந்த யன்னலையும் இரண்டு பக்கத்தாலும் சாத்திவிட்டார்கள். தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தால் அலுவலகத்தை மூடிக்கொண்டு போய்விடுவேன் என்று அவர் அறிக்கை விட்டார். வாக்கெடுப்பு முடியும்வரை அரச அலுவலர் எவரும் அந்தத் தூதரகத்தோடு தொடர்பு கொள்ளக்கூடாது என்று எங்கள் மேலிடம் உத்தரவு போட்டது. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒரு பெண் ஓர் அறையில் இருந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை, துணைத்தூதுவரின் செயலாளர் எங்களுக்கு ஒரு தகவல் சொன்னாள். முன்பே ஒழுங்கு செய்திருந்த ஏதோ ஒரு கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். கூட்டத்தை நாங்களே எப்போதோ கைவிட்டிருந்தோம், அது அவளுக்குத் தெரியவில்லை. வழக்கம்போல் காரணம் கேட்டேன். “அவருடைய அம்மா இறந்துவிட்டார்” என்றாள். யூனியன்வில்லில் மகனோடு இருந்த வயதான மனுஷி. உடலைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யப்போகிறார்கள், அதற்குமுன் இங்கே ஒரு நாள் பார்வைக்கு வைக்கிறார்கள்.

எங்கள் இயக்குநர் உத்தரவுகளை எழுத்துக்கு எழுத்து மதிக்கிற பெண்மணி. மனமும் நல்ல மனம். மலர்வளையம் ஒன்று அனுப்பலாமா என்று மேலிடத்தைக் கேட்டார். வாக்கெடுப்பு முடியும்வரை மலரும் வேண்டாம், அட்டையும் வேண்டாம் என்று பதில் வந்தது. படம் எடுத்துப் போட்டுவிடுவார்களாம்.

நான் அரை நாள் லீவு கேட்டேன்.

இயக்குநர் என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “எதற்கு?”

“தனிப்பட்ட காரணம். ஒரு மரண வீடு.”

“யாருடைய மரணம் என்று நான் கேட்கவேண்டுமா?”

“கேட்டால் சொல்லுவேன்.”

அவர் கேட்கவில்லை. நல்ல மேலதிகாரிக்கு எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும்.

தாழ்வாரத்தில் கஜன் பிடித்துக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் ஒரு செய்தி பரவ லிஃப்ட் ஒரு மாடி ஏறினால் போதும். “அக்கா, ஆர் யூ சீரியஸ்? அந்தாள் அந்தக் கவர்மென்ரின்ர ஆள். அந்தாளின்ர கையிலையும் பிளட் இருக்கு.”

“அவற்ர தாயின்ர கையிலை இல்லைத்தானே தம்பி.”

“ஒப்டிக்ஸ் எப்பிடி இருக்கும், பாக்கிற ஆக்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.”

“கலியாண வீட்டுக்குச் சொன்னாத்தான் போறது. செத்தவீட்டுக்குக் கேள்விப்பட்ட உடனை போறது. உங்கட அம்மாவைக் கேட்டுப் பாருங்கோ.”

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார். உண்மையில் எனக்கும் எந்தத் திட்டமும் இல்லை. பிறகு பலர் இதை நான் போட்ட பெரிய இராஜதந்திரக் கணக்கு என்று புகழ்ந்தார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு உண்மையைச் சொல்லவேண்டும். சாவு கேள்விப்பட்டுப் போகாமல் இருக்க எனக்குத் தெரியாது, அதனால் போனேன்.

மார்க்கம் நகரில், உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மரணச்சாலை மண்டபத்துக்குள் போனேன். வரிசை வரிசையாகக் கதிரை போட்டிருந்தார்கள். பெரும்பாலானவை வெறுமையாக இருந்தன. மற்ற நாட்டுத் துணைத்தூதுவர்கள் ஒருவரும் வரவில்லை. அவருடைய சொந்த நாட்டுச் சனமும் வரவில்லை. அவர்களில் பாதிப்பேர் எங்கள் புல்தரையில் பதாகையோடு நின்றார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அவரும் தங்கையும் மட்டும் நின்றார்கள். எத்தனையோ விருந்துகளில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற மனிதர், கோட்டுப் பொத்தானை மாறிப் போட்டிருந்தார்.

நான் பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். பிறகு தங்கைக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அம்மாவுக்கு என்ன வருத்தம், கடைசியில் பேச்சு இருந்ததா, சாப்பிட்டாவா என்று நம்மவர்கள் கேட்பதையெல்லாம் கேட்டேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். அதுவரை அவளை யாரும் கேட்கவில்லைப்போலும். துணைத்தூதுவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்போது விடயத்துக்கு வரப்போகிறேன் என்று காத்திருக்கிறார் என்று தெரிந்தது. பவித்ராவின் பெயர் என் நாக்கில் நின்றது. யோகண்ணையின் முகம் கண்ணுக்குள் நின்றது. இந்தச் சந்தர்ப்பம் இனி வராது, கேள், கேள் என்று நெஞ்சு அடித்தது.

கேட்கவில்லை. செத்தவீட்டில் கேட்டிருந்தால் அவர் ‘இதற்காகத்தான் வந்தாய்’ என்று நினைத்திருப்பார், சரியாகவும் நினைத்திருப்பார். சிறிது நேரம் இருந்தேன். பிறகு எழும்பி, அவரிடமும் சொல்லாமல் தங்கையிடமும் சொல்லாமல், காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை என் மேசைத் தொலைபேசி அடித்தது. துணைத்தூதுவரே பேசினார். செயலாளர் இல்லை, வணக்கம் இல்லை.

“நேற்று நீங்கள் வந்தீர்கள். உங்கள் அரசாங்கத்திலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டீர்கள். நான் இந்தத் தொழிலில் தலை நரைத்தவன். விடைபெறாமல் போவது என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுத் துக்கத்திலா என்னை அவமதிக்கவேண்டும்? இரவு முழுவதும் என் தங்கை, ‘நான் ஏதும் தவறாகச் சொல்லிவிட்டேனா’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடைபெறாமல் விருந்தினர் வெளியேறுவது எங்கள் தொழிலில் முகத்தில் அறைவதற்குச் சமம். அதைக் கையேட்டில் எழுதியவர்களில் நானும் ஒருத்தி! அவ்வளவும் தெரிந்தவளுக்கு அந்த மண்டபத்துக்குள் அது நினைவிலேயே வரவில்லை.

“ஐயா,” என்றேன், “எங்கள் ஆட்களில் செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடும்போது ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லமாட்டோம். திரும்ப வருகிறேன் என்றால், அந்த வீட்டில் இன்னொரு சாவு விழட்டும் என்று சொன்னதாகிவிடும். அதனால் பேசாமல் எழும்பி வருவோம். சொல்லாமல் வருவதுதான் எங்கள் மரியாதை. உங்கள் தங்கைக்கு இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.”

அவர் சிரித்தார், சிரிப்பு நடுவில் உடைந்து வேறு ஏதோ ஆனது. அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

“அப்படியென்றால் நான் நன்றி சொல்லலாமா, அதுவும் கூடாதா?”

“அதுவும் சொல்லுவதில்லை.”

“பின்னே என்னதான் செய்வீர்கள்?”

“உடல் அடக்கம் ஆகும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். நாங்கள் சமைத்துக்கொண்டு போவோம்.”

“எங்கள் வீட்டில் நேற்று முதல் ஒருவரும் சாப்பிடவில்லை” என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு நேரே இயக்குநரின் அறைக்குப் போனேன். நடந்தது எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். இதைக் கவனியுங்கள். துணிச்சலாக எதையும் செய்யுங்கள், ஆனால் உங்கள் மேலதிகாரி அதைப் பத்திரிகையில் வாசித்து அறியும்படி வைக்காதீர்கள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“யார் யாருக்குத் தொலைபேசி எடுத்தது?”

“அவர் எனக்கு.”

“நாம் அவர்களோடு தொடர்பு கொள்ளக்கூடாது என்றுதான் உத்தரவு. மணி அடித்தால் எடுக்கக்கூடாது என்று அதில் இல்லை.” அவர் முகத்தில் அப்படி ஒரு குறும்பை நான் அதற்குமுன் கண்டதில்லை. அவர் மேலிடத்தோடும் ஒட்டாவாவோடும் பேசினார். என்னைப் போகவிட்டார்கள். எதையும் வாக்குக் கொடுக்கக்கூடாது, எதையும் கேட்கக்கூடாது, காதை மட்டும் கொண்டுபோ என்றார்கள்.

காதோடு இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன். கறிக்கு உறைப்புக் குறைத்தேன். யூனியன்வில் வீட்டுக் குசினியில் தங்கையோடு சேர்ந்து பரிமாறினேன். அண்ணனும் தங்கையும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிய அவர் உடலை அனுப்புவதில் உள்ள தொல்லையைச் சொன்னார். தூதரகத்தோடு யாரும் பேசக்கூடாது என்ற பயத்தில், விமான நிலைய அனுமதிகள்கூட நகராமல் கிடந்தன. அதை நான் செய்து தருகிறேன் என்றேன். இறந்துபோன மனுஷிமேல் எந்தச் சட்டசபையும் தடை போடவில்லை. அதற்கும் பவித்ராவுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. உதவியைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தால் மீன்தான் வரும், மனிதர் வரமாட்டார்.

முடிச்சை அவரே போடப் பார்த்தார். வரவேற்பறையில் இருவரும் தனித்திருந்தபோது, “அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை” என்றார். “ஒன்று சொல்கிறேன். உங்கள் சட்டசபை இந்த வாக்கெடுப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்தால், என்னுடைய அரசாங்கம்...”

நான் கையை உயர்த்தினேன். துணைத்தூதுவர் ஒருவரை நான் கைகாட்டி நிறுத்தியது அதுதான் முதலும் கடைசியும்.

“ஐயா, அந்த வசனத்தை முடிக்காதீர்கள். முடித்தால் நான் அதை எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை பணயக் கைதி ஆகிவிடுவாள், உங்கள் அரசாங்கம் கடத்தல்காரர் ஆகிவிடும். பிறகு அவளை நீங்கள் நினைத்தாலும் விடுவிக்கமுடியாது. வாக்கெடுப்பு நடக்கும். அதை நிறுத்த என்னால் முடியாது. முடிந்தாலும் நிறுத்தமாட்டேன்.”

அவர் முகம் இறுகியது. ஒரு பெண்ணின் உயிரை ஒரு வசனத்தில் தொலைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். தங்கை தட்டுக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“வாக்கெடுப்பு என்று ஒன்றே இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள்,” என்றேன். “அப்போது அவளைப் பற்றி என்ன சொல்லுவீர்கள்?”

அவர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “விமான நிலையத்தில் யாரோ ஓர் அதிகாரி அவசரப்பட்டு ஒரு பெண்ணின் கடவுச்சீட்டை எடுத்துவிட்டான், அது ஒரு தவறு, திருத்தவேண்டும் என்று சொல்லுவேன்.”

“அதையே அங்கே சொல்லுங்கள், ஐயா.”

அம்மாவின் உடலோடு அவர் புறப்பட்டார். விமானத்தின் வாசல்வரை அந்த அம்மாவுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டேன். அதன்பின் அவருடைய பேச்சே இல்லை. வாக்கெடுப்பு நாள் குறித்தாயிற்று. யோகண்ணை போன் எடுத்து எடுத்துக் கேட்டார், என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அந்த நாட்களில் சாப்பாடு எனக்கு வைக்கோலாக இருந்தது.

வாக்கெடுப்புக்கு முந்திய நாள் ஒட்டாவா அலுவலர் கூப்பிட்டார். அவர்கள் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தவறு திருத்தப்பட்டது என்றார்களாம், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் பவித்ராவின் விமானம் வாக்கெடுப்பு நாளன்றுதான். அது தற்செயல் இல்லை. முன்பே விட்டால் சனாதிபதி பயந்துவிட்டார் என்று அங்கே சொல்லுவார்கள். வாக்கெடுப்புக்குப் பிறகென்றால் மாளிகையில் எவனாவது ஆத்திரத்தில் மறித்துவிடுவான். எது முந்தி, எது பிந்தி என்று எவரும் சொல்லமுடியாதபடி இரண்டும் ஒன்றாக நடக்கவேண்டும். துணைத்தூதுவர் தன் தாயை மண்ணில் வைத்த கையோடு போய் ஒழுங்கு செய்த கணக்கு அது. எதிர்ப்பக்கத்தில் ஒரு கெட்டிக்காரன் இருப்பது சில வேளைகளில் நம் பக்கத்தில் பத்துப்பேர் இருப்பதைவிட நல்லது.

விமானம் மேலே ஏறும்வரை சட்டசபையில் வாக்கெடுப்பு முடியக்கூடாது. அவ்வளவுதான் எங்கள் வேலை. விவாதம் பிற்பகல் முழுவதும் ஓடும், விமானம் அதற்குள் போய்விடும் என்று நினைத்தோம். விமானம் தாமதம். விவாதமோ வழக்கத்துக்கு மாறாக விரைவாக ஓடியது. தள்ளிப்போடச் சொன்னவர்களுக்குப் பேச ஆள் குறைந்துவிட்டது. தீர்மானம் கொண்டுவந்தவர் என்ற முறையில் கஜனின் முடிவுரை மட்டும் மிச்சம். அதற்கு நேர எல்லை இல்லை என்று கட்சிகள் ஒப்புக்கொண்டிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் கஜன் சுருக்கமாகப் பேசுவதில் பெயர் வாங்கியவர்.

இயக்குநரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, கஜனைச் சபை வாசலில் மறித்தேன். “தம்பி, பவித்ரா எயாப்போட்டிலை நிக்கிறாள். பிளேன் இன்னும் ஏறேல்லை. வோட் அதுக்கு முதல் முடியக்கூடாது. நீங்கள் கதைச்சுக்கொண்டு நிக்கவேணும்.”

“அக்கா... எவ்வளவு நேரம்?”

“நான் உள்ளை வந்து யோகண்ணைக்குப் பக்கத்திலை இருக்கிறமட்டும். அவளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதையுங்கோ. உங்கட கண்ணிலையும் ஒண்டும் தெரியக்கூடாது.”

“எனக்கு லோங் ஸ்பீச் வராது அக்கா.”

“இண்டைக்கு வரும்.”

வந்தது! அந்தப் பிள்ளை அன்று பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். தன் தொகுதியில் எந்தக் கட்டடத்தில் எந்த நாட்டுச் சனம் இருக்கிறது என்று தொடங்கினார். தன் தாய் தொழிற்சாலை வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போன கதையைச் சொன்னார். தனக்கு வந்த மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வெக்ஸ்போர்ட்டில் தன் தலைமயிர் வெட்டுகிற மனிதர் சனாதிபதிகளைப் பற்றிச் சொன்ன கருத்தை விரிவாக விளக்கினார். அவ்வளவு நாளும் ‘தள்ளிப்போடு, தள்ளிப்போடு’ என்று கத்தியவர்கள், ‘போதும், கதிரையில் இரு, வாக்கெடுப்புக்கு விடு’ என்று கத்தத் தொடங்கினார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த மின்னஞ்சலை எடுத்தார்.

பார்வையாளர் மாடத்துக்குள் தொலைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். நான் வெளித் தாழ்வாரத்தில் நின்று, சுவரில் இருந்த திரையில் அவரைப் பார்த்துக்கொண்டு, கையில் இருந்த தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடத்துக்குள் யோகண்ணை முன்வரிசையில் தனியே இருந்தார். அவருக்கு நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம், அந்த மாடத்தில் எத்தனையோ கண்கள். தன் பிள்ளையின் கதியைத் தீர்மானிக்கப்போகிற வாக்கெடுப்பு என்று நினைத்து, கோவிலுக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு, மேலே குளிருக்குப் பெரிய ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரை அப்படி இருத்தி வைத்திருந்தது எனக்குத் தாங்கவில்லை.

கஜனின் குரல் கரகரக்கத் தொடங்கியபோது ஒட்டாவாவிலிருந்து செய்தி வந்தது. “மேலே ஏறிவிட்டது. அவள் உள்ளே இருக்கிறாள்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், விம்மி அழுதேன். வாசலில் நின்ற காவலர் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். தொலைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய், யோகண்ணைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

கீழே கஜன் நிமிர்ந்து பார்த்தார். தலைமயிர் வெட்டுபவரைப் பற்றிய இரண்டாம் கதையின் நடுவில் இருந்தார். “அவ்வளவுதான், சபாநாயகர் அவர்களே” என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று கதிரையில் இருந்தார்.

யோகண்ணை என் பக்கம் திரும்பினார். நான் அவர் காதோடு சொன்னேன்: “அண்ணை, பிள்ளை பிளேனிலை. ஏறீட்டாள். வாறாள்.”

அவர் கண்ணை மூடி மூடித் திறந்தார். கீழே சபாநாயகர் வழக்கமான குரலில், தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்று சொல்லலாம் என்றார். யோகண்ணை எழும்பினார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மாடத்தின் முன்னால் நிமிர்ந்து நின்று, அந்த மண்டபம் முழுவதும் கேட்க, “ஓம்!” என்றார்.

சபை முழுவதும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அரச அலுவலர் எந்தத் தீர்மானத்திலும் பக்கம் சாயக்கூடாது, அது கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கு என்ன நடந்ததோ தெரியாது. நானும் எழும்பி அவருக்குப் பக்கத்தில் நின்று, “ஓம்!” என்றேன்.

இரண்டு பேரையும் வெளியே கொண்டுவந்து விட்டார்கள். பார்வையாளர் குரல் கொடுக்கக்கூடாது என்று காவலர் பணிவாக விளக்கினார். தீர்மானம் நிறைவேறியதைத் தாழ்வாரத்துத் திரையில் பார்த்தோம். உள்ளே எழும்பிக் கைதட்டினார்கள். யோகண்ணை காவலரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவருக்கு விளங்குமோ விளங்காதோ என்று யோசிக்காமல் தமிழிலேயே சொன்னார்:

“கோவிக்காதை தம்பி. இவ்வளவு நாளும் என்ர பிள்ளை அங்கை, என்ர வாய் இஞ்சை கட்டிக் கிடந்தது. இண்டைக்குத்தான் அவிட்டு விட்டிருக்கினம்.”